வாள் இருக்கட்டும், உறையைக் காட்டுங்கள்

பழைய மரவேலைகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பெட்டி, கதவு, ஊஞ்சல் பலகை என்று எது வந்தாலும் செய்வேன். ஆனால் மோரோ வாள் ஒன்று மேசைக்கு வந்துவிட்டால், மற்ற வேலையெல்லாம் அன்றைக்கு ஓரம் போய்விடும்.

பிலிப்பீன்ஸ் நாட்டின் தெற்கே, மிண்டனாவோ தீவிலும் சூலு தீவுகளிலும் வாழும் முஸ்லிம் மக்களைத்தான் மோரோ என்கிறார்கள். மரனாவ், மகிந்தனாவ், தௌசுக், யாக்கான் என்று அவர்களுக்குள் பல இனங்கள். ஸ்பானியர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முயன்றும் இவர்களை முழுதாக அடக்க முடியவில்லை. அந்த எதிர்ப்பில் கையோடு இருந்தவை இந்த வாள்கள்.

மூன்று பெயர்கள் போதும். முதலாவது கிரிஸ். இரண்டு பக்கமும் கூர். நேராகவும் இருக்கும், பாம்பாக நெளிந்தும் இருக்கும். ஜாவாத் தீவின் குத்துவாளும் இதுவும் ஒரே குடும்பம்தான், ஆனால் இது பெரியது, வெட்டுவதற்கானது. இரண்டாவது கம்பிலான். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், நுனிப்பக்கம் போகப் போக அகலம். பிடியின் முனை, வாயைப் பிளந்த முதலையாகவோ நாகமாகவோ தெரியும். மூன்றாவது பாரோங். வானொலியில் படம் காட்ட முடியாதே! ஒரு மாவிலையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வடிவில், தடித்த முதுகும் ஒருபக்கக் கூருமாக ஓர் அலகு. அதன் பிடியில் கொண்டைக்கிளியின் தலை.

சேகரிப்பவர்கள் பெரும்பாலும் இந்த அலகுகளைத்தான் தேடிப் போகிறார்கள். எஃகையும் இரும்பையும் சேர்த்து அடித்த மடிப்புகள், எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் எழும் வரிகள் எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் மரக்காரன். எனக்கு உறைதான் பேசும்.

மோரோ உறை பெரும்பாலும் இரண்டு பலகைகள். உள்பக்கத்தை அலகின் வடிவுக்குக் குடைந்து, இரண்டையும் சேர்த்துப் பிரம்பால் கட்டுவார்கள். வசதியானவர்கள் வெள்ளிப் பட்டை போடுவார்கள். பாரோங் உறையின் வாய்ப்பகுதியிலும் வளைந்த அடிப்பகுதியிலும் செதுக்கு வேலை இருக்கும், நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். அந்தச் செதுக்கு வேலையை மரனாவ் மக்கள் ஓகிர் என்கிறார்கள், சூலுப் பக்கம் உக்கில். துளிர்விடும் பெரணியின் சுருள், வளைந்தோடும் கொடி, நாகம். நாகம் என்றால் படமெடுத்த பாம்பு என்று எண்ணிவிடாதீர்கள். உயிருள்ளவற்றை அப்படியே வடிக்கத் தயங்கிய இஸ்லாமிய மரபில், நாகம் மெல்ல மெல்லக் கொடியாகிவிட்டது. சொல்லித் தந்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

எனக்குச் சொல்லித் தந்தவர் மிண்டனாவோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி. வேறு வேலையாகப் பட்டறைக்கு வந்தவர், மேசையில் கிடந்த கிரிஸ் உறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சுருளின் மேல் விரலை ஓட்டி, "இதோ கழுத்து, இதோ வால்" என்றார். "எங்கள் தாத்தா வீட்டில் குலிந்தாங் தாங்கியிலும் இதே நாகம்தான்" என்றார். குலிந்தாங் என்பது வரிசையாக அடுக்கி வாசிக்கும் குமிழ் மணிகள். லனாவ் ஏரிக்கரையில் தோரோகான் என்ற தலைவர் மாளிகைகள் உண்டு. அவற்றின் உத்தர முனைகளிலும் இதே சுருள்தான், ஆளுயரத்துக்கு. வீட்டில் பெரிதாக எழுதியதைத்தான் இடுப்பில் சிறிதாக எழுதி வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று சொல்கிறேன், கேளுங்கள். ஒருவர் பாரோங் ஒன்றைக் கொண்டுவந்தார். "உறை பிளந்துவிட்டது, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அலகுக்கு மட்டும் மெருகேற்றினால் போதும்" என்றார். பலகைகளைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே துருக்கறை, அதே அலகின் உருவம், அச்சுப் பிசகாமல்! இரும்பு கைமாறும், வேறு பிடி ஏறும், வேறு உறைக்குள்ளும் நுழையும். இந்த அலகும் இந்த உறையும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தவை என்பதற்கு அந்தக் கறைதான் சாட்சி. பிரம்பை நீரில் ஊறவைத்துச் சுற்றினேன். காய்ந்ததும் தானே இறுகிக்கொண்டது. வார்னிஷ் கேட்டார். கைபட்டுக் கைபட்டு வந்த பளபளப்பு அதில் மூச்சுத்திணறிவிடும், மாட்டேன் என்றேன். இப்போது விருந்தாளிகளிடம் அவர் முதலில் உறையைத்தான் நீட்டுகிறாராம்.

வீட்டில் பழைய வாள் வைத்திருப்பவர்களே, ஓர் எச்சரிக்கை. உருவும்போது உறையின் கூர்ப்பக்கத்தைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். நைந்த பிரம்பு அறுந்தால் அலகு பலகைகளின் இடுக்கு வழியே உள்ளங்கைக்கு வந்துவிடும். கம்பிலானை உறையோடு ஓங்கினாலே கட்டு அறுந்து வெட்டு விழும் என்று ஒரு கதைகூட உண்டு.

நேரம் ஓடுகிறது, காலக்கணிப்பைச் சுருக்கிவிடுகிறேன். பழைய கிரிஸ்களில் பிடியை ஒட்டிய கங்யா என்ற பகுதி தனித் துண்டு. பிற்காலத்தவற்றில் அது அலகோடு ஒன்றாகிவிடுகிறது, பிரிவு போல ஒரு கோடு மட்டும் இருக்கும். விரிவு வேண்டுவோர்க்கு ராபர்ட் கேட்டோ 1996-இல் எழுதிய 'மோரோ வாள்கள்' என்ற ஆங்கில நூல் இருக்கிறது. தந்தப் பிடி இருந்தால், எல்லை தாண்டி வாங்கும்முன் சட்டத்தைக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் சுருக்கக் கூடாது. ஸ்பானியர்களுக்குப் பின் வந்த அமெரிக்க ஆட்சியில், 1906-இல் புட் டாஹோ மலையில் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கான மோரோக்கள் கொல்லப்பட்டார்கள். 1911-இல் ஆளுநர் பெர்ஷிங் ஆயுதங்களை ஒப்படைக்க உத்தரவிட்டார். இன்று வெளிநாட்டுச் சுவர்களில் தொங்கும் வாள்கள் பல, அந்தக் காலத்துச் சிப்பாய்களின் பெட்டியில் போனவை. வாங்குகிறவர் "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டே ஆக வேண்டும், பழைய சீட்டு ஒட்டியிருந்தால் கிழிக்கவே கூடாது.

ஆக, அலகையும் உறையையும் பிரிக்காதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள், வந்த வழியைக் கேளுங்கள். அருங்காட்சியகத்தில் மோரோ வாள் தனியாகக் கிடந்தால் "உறை எங்கே?" என்று காப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் கேட்டால் அதுவும் கிடங்கிலிருந்து வெளியே வரும் என்று நம்புகிறேன்.