சொல்லச் சொல்ல எழுதும் கைபேசி



என் பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கை நடுக்கம் வந்த பிறகு கடிதம் எழுதுவதையே விட்டுவிட்டார். கைபேசியில் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். போன பொங்கலுக்கு, விசைப்பலகையில் உள்ள மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசச் சொன்னேன். "அன்புள்ள தம்பிக்கு" என்றார். திரையில் அந்த எழுத்துகள் வந்து நின்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அன்று மட்டும் மூன்று கடிதம் சொல்லி முடித்தார்.

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பேச்சை அறிவதற்காகச் செய்த 'ஆட்ரி' என்ற கருவிக்கு எண்களைத் தவிர வேறெதுவும் புரியாது. அங்கே தொடங்கிய முயற்சி, கூகுள் வழியாக 2017இல் தமிழ்க் குரல் தட்டச்சாக நம் கைக்கு வந்தது.

சொல்லச் சொல்ல எழுதுவது நமக்குப் பழைய வழக்கம்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். உ.வே.சாமிநாதையரும் அப்படி எழுதியவர். ஏடெழுதிய மாணவருக்கு ஆசிரியரின் உள்ளம் தெரியும். மென்பொருள், காதில் விழும் ஒலியையும், எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வழக்கமாக வரும் என்ற கணக்கையும் வைத்தே எழுதுகிறது. "மல்லிகை மணம்" என்றால் சரியாகப் போட்டுவிடும். பெரியப்பா, "விருந்து நன்றாக இருந்தது, மனம் நிறைந்தது" என்றார். "மணம் நிறைந்தது" என்று வந்தது. விருந்தில் மணமும் நிறையும் அல்லவா! எது அவர் நினைத்தது என்று அவர்தான் சொல்ல முடியும்.

ழகரத்தை ளகரமாக உச்சரிப்பவர்களுக்கு இத்தகைய தடுமாற்றம் கூடுதல். வல்லின ஒற்றும் பல இடங்களில் விடுபடும். "எழுதிக் கொடுத்தேன்" என்பது "எழுதி கொடுத்தேன்" ஆகிவிடும். "வந்துட்டேன்னு சொல்லு" என்று வீட்டுப் பேச்சில் சொன்னால் ஏறுமாறாகவும் வரும். மின்விசிறிச் சத்தமும் குக்கர் விசிலும் வேறு குழப்பும். முழு வாக்கியத்தையும் மனத்தில் கூட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னால் பிழை வெகுவாகக் குறைகிறது. இது சில நாள் பழக்கத்தில் வரும். மேடையிலும் வகுப்பிலும் பேசிப் பழகியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் கைகூடுகிறது.

வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் இதற்காகத் தட்டச்சைக் கைவிட வேண்டியதில்லை. திருத்தும் வேலைக்கு இன்றும் விரல்தான் வசதி. ஆனால் முதல் வரைவுக்கு, கைவலிக்காரருக்கு, கண் மங்கியவருக்கு இதைவிட நல்ல துணை நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டில் கை நடுங்கும் பெரியவர் யாராவது இருந்தால், இன்று மாலையே அந்த மைக் படத்தை அவருக்குக் காட்டிக் கொடுங்கள். அவர் சொல்லி முடித்ததும், அனுப்புவதற்கு முன் ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.