துபாஷ் எழுதிய டைரி

லீவு நாளில் படிக்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நம்ம புதுச்சேரிக்காரர் ஒருவரைத்தான்.

ரங்கப்பிள்ளை வீதி வழியாகப் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போகிறோம். அந்தப் பிள்ளையைப் படித்தவர்கள்தான் குறைவு. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாருக்கு என்ன வெகுமானம், எல்லாம் இருக்கிறது. கவர்னர் மனைவியைப் பற்றி எழுதும்போது பேனாவில் மையோடு கொஞ்சம் மிளகாயும் சேர்ந்துவிடும்! 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த நாட்களை, மனசு பதறப் பதற எழுதியிருக்கிறார். இன்றைய சுயசரிதைகளில் இந்த ஒளிவுமறைவின்மை அபூர்வம்.

பழைய நடை, முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அப்படியானால் இந்த நாட்குறிப்பை வைத்து நம்ம பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களில் தொடங்குங்கள். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்ய அகாதெமி விருது.

தன்னம்பிக்கைக்கு எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'. ஒரே மூச்சில் படித்தால் உபதேசம் திகட்டும். தினம் நாலு பக்கம் போதும்.

துப்பறியும் கதைக்கு சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுகிறார்கள். ராத்திரி கரண்ட் போகிற நேரத்தில் மட்டும் வேண்டாம்.

கையில் காசில்லையா? நம்ம ஊரில் 1827-லிருந்து இருக்கிற ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.