உமிச் சாம்பலும் இரும்பும்: அடுக்குக் கிளேஸ் பற்றிய தலைமை உரை

சக்கரத்தின் முன் அமர்ந்து கலம் வனைபவர்கள், சூளை கட்டுபவர்கள், கல்லையும் மண்ணையும் ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்ப்பவர்கள், அகழாய்வில் கிடைத்த ஓட்டுக்கு எண் போட்டுக் காப்பவர்கள் என நான்கு வகையினரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும் அவை இது. கையால் வனைந்த கலத்தின் மேல் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு ஒன்றைப் பூசி, அது காய்ந்ததும் இன்னொன்றை ஏற்றினால் சூளைக்குள் என்ன நடக்கிறது என்பதே பேசுபொருள்.

மேடை மேசையில் ஒரு சோதனை ஓடு இருக்கிறது. உள்ளங்கை உயரம், விரல் பருமன். கீழ்ப்பகுதி கருப்பட்டி நிறம். இரும்பு மிகுந்த கிளேஸ். மேல்பகுதி மோர் வெள்ளை. நெல் உமிச் சாம்பல், விறகுச் சாம்பல், பெல்ட்ஸ்பார் மூன்றும் சேர்ந்தது. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை கருப்பின் மேல் ஏறியிருக்கிறது. அந்த இடம் மட்டும் நீலம். விளிம்பில் மெலிந்த இடத்தில் பழுப்பு எட்டிப் பார்க்கிறது. வழிந்து தடித்த இடத்தில் நீலம் பால் பாய்ந்தது போல் வெளிறுகிறது. இரண்டு கிளேஸ் வாளியிலும் நீலம் தரும் கோபால்ட் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது? உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சிலிக்கா மிகுந்து அலுமினா குறைந்த உருகுகண்ணாடி ஆறும்போது, ஒன்றோடொன்று கலக்க மறுக்கும் இரண்டு கண்ணாடிகளாகப் பிரிகிறது. ஒன்றின் நுண்துளிகள் மற்றதற்குள் மிதக்கின்றன. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய அந்தத் துளிகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. வானத்தின் நீலத்துக்கும் இதே காரணம்தான். வெளிறிய களிமண் மேல் இந்தக் கிளேஸைப் பூசினால், அடியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் நீலத்தை அமுக்கிவிடும். கண்ணுக்கு வெள்ளைதான் தெரியும். கீழே இரும்புக் கருப்பு இருந்தால் மற்ற நிற ஒளியை அது விழுங்கிக்கொள்கிறது. சிதறிய நீலம் மட்டும் மிஞ்சுகிறது. கீழ் அடுக்கு இல்லாமல் மேல் அடுக்குக்கு அந்த முகமே இல்லை.

சீனத்துக் குயவர்கள் இதை அளவுகோல் இல்லாமலே கண்டுகொண்டார்கள். ஹெனான் பகுதியின் ஜுன் கலங்களில் இதே சிதறல் நீலம், அதன் மேல் செம்பு தீற்றிய ஊதாத் திட்டுகள். ஜியாங்சியின் ஜிஜோ சூளைகளில் வேறொரு வழி. கருங்கிளேஸ் பூசிய கிண்ணத்தின் மேல் பூ, பறவை வடிவில் வெட்டிய காகிதத்தை ஒட்டி, அதன் மேல் சாம்பல் மிகுந்த வெளிர் கிளேஸை ஏற்றி, காகிதத்தை உரித்தெடுத்தார்கள். உரித்த இடத்தில் கருப்பு நிழலுருவம். சுற்றிலும் இரண்டு கிளேஸும் கலந்து புள்ளி புள்ளியாக ஆமை ஓட்டு நிறம். எண்ணூறு ஆண்டு கடந்தும் அந்தக் கிண்ணங்களைப் பார்க்கும்போது காகிதத்தை உரித்த விரலின் அவசரம் தெரிகிறது.

அடுக்குகள் நிறத்துக்காக மட்டும் ஏறவில்லை. தென் சோங் அரசர்களுக்காக ஹாங்ஜோவில் கலம் செய்த அரசுச் சூளைகளில், மெல்லிய களிமண்ணில் வனைந்து, ஒரே கிளேஸைப் பல முறை ஏற்றினார்கள்; இடையிடையே சுட்டும் எடுத்தார்கள். உடைந்த ஓட்டின் விளிம்பைப் பார்த்தால், சிலவற்றில் களிமண்ணைவிடக் கிளேஸ் தடிமனாக இருக்கிறது. பச்சைக்கல்லின் ஆழமான மினுக்கம் வேண்டும் என்பது நோக்கம். ஒரே முக்கலில் அவ்வளவு தடிமன் ஏற்றினால் காயும்போதே வெடித்து உதிர்ந்துவிடும். ஆகவே அடுக்கடுக்காக ஏற்றினார்கள். ஜெஜியாங்கின் லோங்சுவான் சூளைகளின் தேர்ந்த கலங்களிலும் இந்த வழக்கம் உண்டு.

லோங்சுவான் என்றதும் தமிழ்க் கடற்கரை நினைவுக்கு வரவேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980-களில் ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கரஷிமாவும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் மேற்கொண்ட ஆய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன; லோங்சுவான் பச்சைக் கலங்களும் அவற்றில் உண்டு. தமிழகத்துக் குயவர்கள் கிளேஸ் பக்கம் போகாததைக் குறையாகப் பேசுவோர் இருக்கிறார்கள். தண்ணீரைக் குளிரவைக்கும் பானைக்கு நுண்துளை வேண்டும், கசிந்தால்தான் குளிரும். கண்ணாடிப் பூச்சு பூசினால் அந்த வேலை கெடும். கருப்பு-சிவப்புக் கலத்தை வழவழப்பாகத் தேய்த்து, ஒரே சூட்டில் இரு நிறம் வரவழைத்தவர்களுக்குத் தீயின் போக்கு தெரியாமல் இருந்திருக்குமா? அவர்கள் தேவை வேறு. பெரியபட்டினத்து ஓடுகளின் முறிவு விளிம்பை நுண்நோக்கியில் வைத்து, எத்தனை அடுக்கு, எங்கே குமிழி நின்றது என்று எழுதவேண்டிய வேலை இந்தத் துறையுடையது. தொல்லியலாளர் தலையில் மட்டும் கட்டக்கூடாது.

அடுக்குக் கிளேஸ் புதுச்சேரிக்கு வந்த வழி ஜப்பானிலிருந்து தொடங்குகிறது. 1920-ல் குயவர் பெர்னார்ட் லீச்சுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் சூளை போட்ட ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாதா, ஊர் திரும்பி மஷிகோ கிராமத்தில் நிலைகொண்டார். அந்த ஊர்க் கல்லை இடித்தால் பழுத்த பெர்சிமன் நிறத்தில் கிளேஸ் கிடைக்கும். ஊர் வயலின் உமியை எரித்தால் வெள்ளை. பெரிய தட்டில் ஒரு கிளேஸைப் பூசிக் காயவைத்து, அகப்பையில் மற்றதை மொண்டு, தட்டின் குறுக்கே ஒரே வீச்சில் ஊற்றுவார். சில விநாடி வேலை. அகப்பை தயங்கினால் கோடு குண்டாகும், விரைந்தால் அறுபடும். ஹமாதாவைப் பற்றிய நூலுக்காக சூசன் பீட்டர்சன் மஷிகோவில் தங்கியபோது மொழிபெயர்த்து உதவியவர் டெபோரா ஸ்மித். அவரும் ரே மீக்கரும் 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இன்று இந்த வட்டாரத்தில் உயர்சூட்டுக் கலம் செய்யும் பலருடைய கைப்பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. நெல்லும் உமியும் இங்கேயும் உண்டு. ரைஸ் மில் வாசலில் மலையாகக் கிடக்கிற சாம்பல், மஷிகோவில் கிளேஸ் வாளிக்குள் போன அதே பொருள்தான்.

இனி, பட்டறைக்குள் வருவோம். தனித்தனியே சாதுவாக இருக்கும் இரண்டு கிளேஸ்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியதும் தண்ணீராய் ஓடுவதைப் பார்க்காத குயவர் இல்லை. சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அலுமினாவுக்கு 2,000-க்கு மேல். சுண்ணாம்புக்கு 2,500-க்கும் மேல். மூன்றையும் தக்க விகிதத்தில் சேர்த்தால் 1,170 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். சேர்க்கை சூட்டைத் தணிக்கும் என்பது கிளேஸ் வேதியியலின் அடிப்படை. ஒரு கிளேஸில் சுண்ணாம்பு ஓங்கி, மற்றதில் சிலிக்கா ஓங்கியிருந்தால், இரண்டும் சந்திக்கும் வரப்பில் பிறக்கும் கலவை இரண்டையும்விட முந்தி உருகும். அதாவது அங்கே மூன்றாவதாக ஒரு கிளேஸ் இருக்கிறது. யாரும் எடை போடாதது, எந்த வாளியிலும் இல்லாதது. இந்த மூன்றாவதைத்தான் இந்தக் கருத்தரங்கு ஆராய வந்திருக்கிறது.

ஒரு பட்டறையில் நடந்தது. அழகான குடுவை, இரண்டு கிளேஸும் அடிவரை பூசப்பட்டிருந்தது. சூளையைத் திறந்தபோது குடுவை நின்ற இடத்தில் கண்ணாடிக் குட்டை. குடுவை சூளைத் தட்டோடு ஒன்றாகிவிட்டது. உளியை வைத்துத் தட்டியதும் ‘டங்’ என்று குடுவைதான் பிளந்தது, கண்ணாடி அசையவில்லை. அடியில் விரற்கடை இடம் விட்டு, இரட்டைப் பூச்சைக் கலத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தி, தட்டுக்கு அலுமினாப் பூச்சும் கலத்துக்கு அடியில் ஒரு சுட்ட மண் வில்லையும் வைத்திருந்தால் ஒரு வில்லையோடு இழப்பு முடிந்திருக்கும்.

வரிசையும் முக்கியம். கருப்பின் மேல் வெள்ளையும் வெள்ளையின் மேல் கருப்பும் ஒன்றாகாது. இரும்பு மிகுந்த கிளேஸை ஆக்சிஜன் நிறைந்த சூளையில் 1,230 டிகிரியை ஒட்டிச் சுடும்போது, சிவப்பு இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனில் ஒரு பங்கை விடுகிறது. குமிழிகள் கீழிருந்து மேல் அடுக்கைத் துளைத்துக்கொண்டு வெடிக்கின்றன. வழியில் இரும்பையும் ஏற்றிக்கொண்டு வருகின்றன. வெள்ளைக்குள் கரும்புள்ளிகள் பூப்பது இப்படித்தான். இரும்பு மேலே இருந்தால் அதே வாயு நேரே வெளியேறிவிடும்.

சில சேர்க்கைகள் தொடாமலே வேலை செய்கின்றன. பச்சை தரும் குரோமியமும் வெள்ளை தரும் வெள்ளீயமும் அப்படிப்பட்ட ஜோடி. குரோமியம் சூளைச் சூட்டில் ஆவியாகப் பரவி, வெள்ளீயக் கிளேஸில் படிந்து இளஞ்சிவப்பாக்குகிறது. பக்கத்துக் கலத்திலிருந்துகூட வந்து சேரும். காரணம் தெரியாதவருக்கு விபத்து, தெரிந்தவருக்குத் தூரிகை.

மறுபக்கம், சுருண்டு விலகும் சிக்கல். களிமண் மிகுந்த கிளேஸ் காயும்போது சுருங்கும். அது மேல் அடுக்காக இருந்தால் கீழ் அடுக்கை நனைத்துக் கிளப்பி, தன்னோடு இழுத்துக்கொண்டு விலகிவிடும். சுட்டபின் வெற்று மண் தெரியும். கிளேஸிலுள்ள கயோலின் களிமண்ணில் ஒரு பங்கை முன்பே சுட்டுச் சேர்ப்பதும், சிறிது சி.எம்.சி. பசை கலப்பதும், முதல் பூச்சு கைக்கு ஒட்டாத பதத்துக்கு வந்ததுமே இரண்டாவதை ஏற்றுவதும் பட்டறைகளில் கைகொடுக்கும் வழிகள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் துறை ஏன் இன்னும் அதிர்ஷ்டத்தைப் பேசுகிறது? கணக்குப் போட்டால் புரியும். பத்து கிளேஸ் இருக்கும் பட்டறையில், வரிசையையும் சேர்த்தால் 90 இரட்டைச் சேர்க்கைகள். இருபது இருந்தால் 380. மெல்லியது, தடித்தது என்று இரண்டு அளவு வைத்தால் அதுவும் பெருகும். நினைவில் வைத்துக்கொள்ள முடியாத எண்ணிக்கை இது. ஆஸ்திரேலியக் குயவர் இயன் கரி 35 கட்டங்கள் கொண்ட ஓட்டில் சிலிக்காவையும் அலுமினாவையும் படிப்படியாக மாற்றிக் காட்டும் முறையை வகுத்தார். ஒற்றைக் கிளேஸுக்கு அவர் கொடுத்த ஒழுங்கு அடுக்குக் கிளேஸுக்கு இன்னும் வரவில்லை. அது வர, நிமிர்ந்து நிற்கும் ஓடு வேண்டும். படுத்த ஓட்டில் ஓட்டம் தெரியாது. அதில் கீழ்க் கிளேஸ் தனியே, மேல் கிளேஸ் தனியே, இரண்டும் சேர்ந்த பட்டை என்று மூன்று இடம் வேண்டும். 100 மில்லி கிளேஸ் எத்தனை கிராம் என்ற எடையும், எத்தனை விநாடி முக்கியது என்பதும் ஓட்டின் பின்பக்கம் இரும்பு ஆக்சைடால் எழுதப்பட வேண்டும்.

எல்லாரும் மறக்கும் குறிப்பு ஒன்று உண்டு: ஆறிய வேகம். எட்வர்ட் ஆர்டன் 1896-ல் தயாரிக்கத் தொடங்கிய கோன்களை, சூளைச் சூட்டில் சாயும் அந்தச் சிறு கூம்புகளை, உலகம் முழுக்க நம்புகிறார்கள். கோன் சாய்ந்தது என்றால் சூடு போதும் என்று பொருள். சாய்ந்த பிறகு நடப்பதை அது சொல்லாது. டைட்டானியப் படிகங்களும், மங்கல் தரும் கால்சியம், மெக்னீசியப் படிகங்களும் வளர்வது 1,100 டிகிரியிலிருந்து இறங்கும் வழியில்தான். சிறிய சோதனைச் சூளை ஓரிரு மணி நேரத்தில் அந்தப் படியைத் தாண்டிவிடும். பெரிய சூளைக்கு அரை நாள் ஆகலாம். சின்னதில் மினுமினுத்த ஓடு பெரியதில் மங்கி வந்தால் பழி கிளேஸ் மேல் விழுகிறது. ஆறும் வரைபடம் இல்லாத சோதனை முடிவை இனி முழுமையானதாக ஏற்கக்கூடாது என்பது இந்தத் தலைமையின் உறுதியான கருத்து.

உண்கலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜான் ஹெசல்பர்த், ரான் ராய் இருவரும் 2002-ல் வெளியிட்ட கோன் 6 கிளேஸ் நூல், நிலைத்த கிளேஸ் என்ற கேள்வியைப் பட்டறைகளுக்குள் கொண்டுவந்தது. ஒரு கிளேஸ் அமிலத்தில் கரையாது என்று தனியே சோதித்து அறிந்திருக்கலாம். அதன் மேல் செம்புக் கிளேஸ் ஏறிய பட்டைக்கு அந்தச் சான்று பொருந்தாது, அது வேறு கிளேஸ். எலுமிச்சைத் துண்டை இரவெல்லாம் வைத்து, காலையில் நிறம் வெளுத்திருந்தால் அந்தக் கலத்தில் ரசம் ஊற்றக்கூடாது. வெளுக்கவில்லை என்றாலும் ஆய்வுக்கூடச் சோதனை தேவைதான். உள்ளே சோதித்த ஒற்றைக் கிளேஸ், அடுக்கு வித்தை வெளிப்புறத்தில் என்று வைத்துக்கொள்வது வாங்குபவருக்குக் குயவர் காட்டும் மரியாதை.

முதல் அமர்வு உமிச் சாம்பலில் தொடங்குகிறது. கொண்டுவந்திருக்கும் ஓடுகளை, ஓடி ஒட்டியவை, சுருண்டவை, தட்டிலிருந்து உடைத்தெடுத்தவை உட்பட, வாசலருகே உள்ள நீண்ட மேசையில் பின்பக்க எழுத்து மேலே தெரியும்படி பரப்பிவைக்குமாறு அவையோரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கு தொடங்குகிறது.