பொறி எழுதட்டும், பேசுவது நாமாக இருக்கட்டும்!
(வட்டகொடைக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு தாய் என்னிடம் ஒரு பெட்டிசத்தைக் கொண்டுவந்தார். கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவர் மகன் எழுதியது. பிழை ஒன்றுமில்லை. "போதிய உறைவிட வசதியின்மையால் பெரும் இன்னலுக்குள்ளாகியுள்ளோம்" என்று அதில் கண்டிருந்தது. "என்ன நடந்தது, அம்மா?" என்று கேட்டேன். "மழை வந்தா காம்பரா முழுக்க ஒழுகுதுங்க, பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு அடுப்புக்கிட்டயே குந்தியிருக்கோம்" என்றார். இவ்விரண்டில் அதிகாரியின் நெஞ்சைத் தைப்பது எது? நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

அதுமட்டுமன்று. கூரைத் தகரம் பறந்ததாக ஒரு தேதியும் அதில் இருந்தது. அத்தேதியைத் தாயும் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை. பொறியே இட்டு நிரப்பிவிட்டது!

இப்பொறி பொய் சொல்ல நினைப்பதில்லை. மெய் எது என்பதையும் அது அறியாது. எண்ணற்ற ஏடுகளைக் கற்று, எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரும் என்று கணித்து அடுக்குகிறது. 2023இல் நியூயோர்க்கில் இரு வழக்கறிஞர்கள் இதை நம்பி, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார்கள். 5,000 டொலர் தண்டம் விழுந்தது. சட்டம் கற்றவர்கள் கதியே இதுவென்றால், மற்றவர்கள் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

தவறான ஒரு தேதி என்ன செய்யும் என்பதை மலையகம் அறியும். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட நம் மக்களுக்காகக் குடியுரிமை கோரி விண்ணப்பங்கள் போயின. பெயரிலும் தேதியிலும் நேர்ந்த சிறு முரண்பாடுகளும் அவற்றை நிராகரிக்கப் போதுமாயிருந்தன. பிறர் நிரப்பிய தாளில் கைநாட்டு வைத்தவன், தாளிலுள்ள அத்தனைக்கும் பொறுப்பாளியானான்.

ஆகவே, பொறியைத் தொடாதீர்கள் என்கிறேனா? இல்லை. 1987இல் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆயினும் சிங்களக் கடிதங்கள் இன்றும் நம் கைக்கு வருவதுண்டு. அவற்றின் பொருளறியப் பொறி துணைசெய்யும். இம்மண்ணின் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதினார். ஆயினும் அதில் ஒலித்தது தோட்டத்து மக்களின் குரலன்றோ? அவரே நம் மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அயல்மொழியை அவர் ஆண்டார். அது அவரை ஆளவில்லை.

நாமும் அவ்வாறே செய்வோம். முதலில் நடந்ததை நம் வாய்ச்சொல்லிலேயே எழுதுவோம். எழுத இயலாதவர் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். பின்னர்ப் பொறியிடம் கொடுத்து, பிழை திருத்து, வரிசைப்படுத்து, புதிதாக எதையும் சேர்க்காதே என்று கட்டளையிடுவோம். திரும்பி வந்ததை வீட்டார் முன் உரக்கப் படிப்போம். நாம் சொல்லாத சொல்லை அடிப்போம். பெயரையும் தேதியையும் அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒப்பிடுவோம். அதன் பிறகே கையொப்பம்!

பத்து லயங்களிலிருந்து ஒரே அச்சில் வார்த்த பத்துக் கடிதங்கள் போனால், எவனோ ஒருவன் எழுதிக்கொடுத்தான் என்று ஒதுக்கிவிடுவார்கள். பத்துக் குடும்பங்களின் பத்துக் குறைகள் பத்துக் குரலில் போனால், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அத்தாயின் பெட்டிசத்தைத் திருப்பி எழுதினோம். தேதியை நீக்கினோம். அடுப்பும் மடியும் பிள்ளையும் அதில் இடம்பெற்றன. படித்துக் காட்டியதும், "இது நான் சொன்னதுதாங்க" என்றார். பின்பே கையொப்பமிட்டார்.