ஒரே பாட்டில், 19 உயிர்
(தடுப்பூசி முகாமன்று நம் சங்கக் கூடத்தில் பேசியது)

ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்; ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வால்டெமர் ஹாஃப்கின், ஒடெசாவில் பிறந்தவர். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காலராவுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்து, 1892-இல் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அடுத்த வருடம் இந்தியா வந்தார். 1896-இல் பம்பாயில் பிளேக். அதற்கும் ஊசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று அதையும் தன் உடம்பில்தான் முதலில் ஏற்றிக்கொண்டார். நல்ல காய்ச்சலாம்!

1902-இல் பஞ்சாப் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல், சஸ்பெண்ட் ஆனார். பேங்க்கில் இருந்தவன், என் கண் ரெக்கார்டைத்தான் தேடும். அந்த 19 பேருக்கும் மருந்து ஒரே பாட்டிலிலிருந்து. அன்று மற்ற பாட்டில்களில் போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பாட்டிலைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. சரியாகச் சுத்தம் செய்யாமலே திறந்திருக்கிறார்கள். கிராமத்தில் நடந்ததற்கு பம்பாய் ஆய்வகம் என்ன செய்யும்?

ரொனால்ட் ராஸ் போன்றவர்கள் லண்டன் பத்திரிகையில் எழுதி, 1907-இல்தான் அவர் குற்றமற்றவர் என்றானது. அவர் தொடங்கிய பம்பாய் ஆய்வகத்துக்கு 1925-இல் அவர் பெயரையே வைத்தார்கள். அப்போது அவர் இந்தியாவை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது.