நாங்க அவங்க இல்லைங்க

பட்டம் வாங்க வந்திருக்கும் மாணவ மாணவியருக்கும், வாரக் கடைசித் தூக்கத்தை விட்டுக்கொடுத்து வருடக்கணக்கில் காரோட்டிய பெற்றோருக்கும், சம்பளம் வாங்காமல் ‘ழ’ சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்கும் வணக்கம். பட்டமளிப்பு உரை என்றால் கனவு காணச் சொல்லித் தொடங்குவது வழக்கம். அதை நீங்கள் வேண்டிய அளவு கேட்டாகிவிட்டது. இந்த உரை ஒரு டெலிபோன் டைரக்டரியில் தொடங்குகிறது.

1987 கோடை. நியூ ஜெர்சியில் ‘ஜெர்சி ஜர்னல்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் வந்தது. அவர்களும் அதை அச்சிட்டார்கள். ஜெர்சி சிட்டியிலிருந்து இந்தியர்களை விரட்ட எந்த எல்லைக்கும் போவோம் என்று எழுதியிருந்தவர்கள், ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதையும் மறைக்கவில்லை. போன் புத்தகத்தை எடுத்து, படேல் என்ற பெயரைத் தேடுவார்களாம். நெற்றிப் பொட்டைக் கிண்டலடித்துத் தங்களுக்கு ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்ட கும்பல் அது. அப்போது சக்கைப்போடு போட்ட ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தலைப்பைத் திருகி வைத்த பெயர். வாசலைத் தாண்டுமுன் பொட்டை அழித்துக்கொண்டு வேலைக்குப் போன பெண்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

செப்டம்பர் 27-ஆம் தேதி, பக்கத்து ஊரான ஹோபோகனில், நவ்ரோஸ் மோதி என்ற முப்பது வயது வங்கி மேலாளரைச் சில இளைஞர்கள் அடித்துப் போட்டார்கள். நான்கு நாளில் இறந்துபோனார். கூட வந்த வெள்ளைக்கார நண்பருக்குக் காயம் எதுவும் இல்லை. சில நாட்களில் ஜெர்சி சிட்டியிலேயே கௌஷல் சரண் என்ற டாக்டர் தாக்கப்பட்டு நினைவிழந்து கிடந்தார். மோதி வழக்கில் நால்வருக்குத் தாக்குதல் குற்றத்துக்குத்தான் தண்டனை. கொலைக் குற்றம் நிற்கவில்லை. அடித்தவர்கள் பதின்ம வயதைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்தவர்கள், இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களைவிட அதிகம் பெரியவர்கள் அல்ல.

இதில் ஒரு விஷயம். மோதி பார்சி. பொட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அவர் படேலும் இல்லை. வெறுப்பு கொண்டவனுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை.

டெக்சஸிலும் இதே கதைதான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அரபுகளைப் பழிவாங்குகிறேன் என்று கிளம்பிய மார்க் ஸ்ட்ரோமன், டல்லாஸ் பக்கம் மூன்று கடைகளில் மூன்று பேரைச் சுட்டான். இறந்த வக்கார் ஹசன் பாகிஸ்தானியர். மெஸ்கீட்டில் இறந்த வாசுதேவ் படேல் குஜராத்திக்காரர். உயிர் தப்பிய ரயீஸ் புய்யான் வங்கதேசத்தவர். மூவரில் ஒருவர்கூட அரபு இல்லை. பெட்ரோல் பங்க் கடையில் நின்ற புய்யான், வந்தவன் திருடன் என்று நினைத்துக் கல்லாப் பணத்தை எடுத்து வைத்தார். அவன் பணத்தைத் தொடவில்லை. ‘எந்த ஊர்க்காரன் நீ?’ என்று கேட்டுவிட்டு முகத்தில் சுட்டான். ஒரு கண்ணின் பார்வை போயிற்று. அதே புய்யான்தான் பிற்பாடு ஸ்ட்ரோமனை மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற வழக்குப் போட்டு அலைந்தார். 2011 ஜூலையில் தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது. அவ்வளவு பெரிய மனசு எல்லோருக்கும் வராது. வரவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

அந்த மாதங்களில் இந்தியக் குடும்பங்களில் அடிக்கடி கேட்ட வசனம் ஒன்று உண்டு: ‘நாங்க அவங்க இல்லைங்க.’ முஸ்லிம் இல்லை, அரபு இல்லை என்று சொல்லிக்கொண்டால் தப்பிக்கலாம் என்ற நினைப்பு. பயத்தில் வரும் பேச்சு, புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதற்குள் ஓர் ஒப்புதல் ஒளிந்திருக்கிறது: அவர்களை அடித்தால் பரவாயில்லை.

இந்த வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோன ஓர் இந்தியர் இருந்தார். பகத் சிங் திந்த், பஞ்சாப் சீக்கியர். 1913-ல் வந்து, ஆரகன் மர ஆலைகளில் உழைத்து, முதல் உலகப் போரின்போது தலைப்பாகையோடு அமெரிக்கப் படையில் சேர்ந்தவர். அன்றைய சட்டப்படி குடியேறி வந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் குடியுரிமை. அந்தச் சட்டமே அநியாயம் என்று திந்தின் தரப்பு வாதாடவில்லை. உயர்சாதி இந்து ஆரிய வம்சம், ஆகவே வெள்ளை இனம் என்றார்கள். இங்கே வெள்ளையர் கறுப்பரைப் பார்ப்பதுபோலத்தான் அங்கே உயர்சாதிக்காரர் பழங்குடியைப் பார்க்கிறார் என்று அதையும் ஒரு தகுதியாக எடுத்துவைத்தார்கள். 1923 பிப்ரவரி 19-ஆம் தேதி நீதிபதிகள் ஒருமனதாகக் கைவிரித்தார்கள். சாதாரண மனிதன் பார்வையில் நீ வெள்ளை இல்லை, போ என்பதுதான் தீர்ப்பின் சாரம். சாதிப் பெருமை கோர்ட்டில் செல்லுபடியாகவில்லை. அதை நம்பி வழக்காடியதில் ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களுக்கும் சேர்த்து அது பறிபோனது.

அப்படி இழந்தவர்களில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய். 1915-ல் மனைவி கலாவோடும் மூன்று பையன்களோடும் ஏஞ்சல் தீவில் வந்து இறங்கியவர். கலாவின் மூக்குத்தி உள்ளூர்ப் பத்திரிகைக்கே செய்தியானது. பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமானோடு குடிபோனார்கள். அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி உள்ளே விடாமல் நின்றார்கள். பிள்ளைகளை இவர்கள் நடுவில் எப்படி வளர்ப்பது என்று கலா தீர்மானமாகச் சொல்ல, வந்த வண்டியிலேயே திரும்பினார்கள். குடியுரிமை போய், கடையும் சொத்தும் போய், 1928-ல் பகாய் தற்கொலை செய்துகொண்டார். கலா பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார், 1946-ல் சட்டம் மாறிய பிறகு குடியுரிமையும் பெற்றார். இன்று பெர்க்லி நகர மையத்தில் ஒரு தெருவுக்குக் கலா பகாய் பெயர். அங்கே படிக்கப்போகிறவர்கள் அந்தப் பலகையின் கீழ் நடந்து காபி வாங்கப் போவீர்கள்.

உங்கள் அப்பா அம்மா விசா வாங்கி வந்த கதவு 1965 குடியேற்றச் சட்டத்தில் திறந்தது. முந்தைய பத்தாண்டு முழுக்கக் கறுப்பர்கள் அடிவாங்கிச் சிறைக்குப் போய் நடத்திய போராட்டம் இல்லாமல் அது திறந்திருக்காது. இதை விருந்து வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பேசுவது வேறு: ‘அந்த ஏரியாவுல வீடு வாங்காதீங்க, ஆளுங்க சரியில்ல.’ பக்கத்து வீட்டுச் சீனக் குழந்தைக்குச் ‘சப்பை மூக்கு’ என்று செல்லப்பெயர். பிறகு புதிதாக வந்த தமிழ்க் குடும்பத்திடம் விசாரணை: சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது? மூன்றாவது கேள்விக்குள் ஆளின் சாதி பிடிபட்டுவிடும். போன் புத்தகம் தேவையில்லை.

இது வெறும் விருந்துப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2020-ல் கலிஃபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவரை இந்திய மேலாளர்கள் சாதி காரணமாக ஒதுக்கினார்கள் என்பது புகார், நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் மீதான வழக்கை 2023-ல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும், இருக்கிற சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார். ஆதரித்தும் எதிர்த்தும் தெருவில் இறங்கியவர்கள் இருதரப்பிலும் நம்மவர்களே.

சரி, பதினேழு வயதில் என்ன செய்ய முடியும்? பள்ளியில் யாராவது சீண்டினால், ‘விட்டுத் தள்ளு, படிப்பைப் பாரு’ என்பது வீட்டு அறிவுரை. நியூ ஜெர்சியில் 2011 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் வேறு சொல்கிறது. இனம், நிறம், மதம் காட்டி மாணவரைத் துன்புறுத்தினால், தகவல் கிடைத்த ஆசிரியர் அன்றே முதல்வரிடம் சொல்ல வேண்டும், இரண்டு பள்ளி நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், பத்துப் பள்ளி நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். அதனால் நடந்ததை அன்றைக்கே எழுதிவையுங்கள்: தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் நின்றவர் யார். அடிபட்டது வேறொரு பையன் என்றால், அந்தச் சாட்சிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

சாட்சி ஏன் முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டின் நாங்குநேரி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவர், சக மாணவர்கள் தரும் தொல்லையைப் பள்ளியில் எழுதிக் கொடுத்தார். அன்றிரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மணிக்கட்டில் சாதிக்கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவதைத் தடைசெய்யச் சொன்னது. தனியாகப் புகார் கொடுக்கும் பிள்ளை தனியாகவே அகப்பட்டுக்கொள்கிறது.

ஜெர்சி சிட்டியில் அப்படி விடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்து இந்திய மாணவர்கள் சேர்ந்து, இனவெறிக்கு எதிரான இளைஞர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். தாக்குதல்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். அதோடு, அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குள்ளேயே போய், தெற்காசியர் யார் என்று மாணவருக்கும் ஆசிரியருக்கும் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். வெறுப்புக் குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டும் சட்டம் 1990-ல் நியூ ஜெர்சியில் வந்ததில் அவர்கள் பங்கும் உண்டு.

பே ஏரியாவில் பிரேம் பரியார் என்ற நேபாளத் தலித் இளைஞர் உணவகத்தில் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்தவர்கள் தங்கும் அறையில் இடம் தர மறுத்ததால் வேனில் படுத்துத் தூங்கியதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு ஹேவர்டில் உள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் சமூகப்பணி படித்தார். முதலில் தன் துறை, அப்புறம் மாணவர் பேரவை, அப்புறம் நிர்வாகம் என்று படிப்படியாகப் பேசினார். மற்ற சாதிகளில் பிறந்த மாணவர்களும் கூட நின்றார்கள். 2022 ஜனவரியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் 23 வளாகங்களுக்கும் பொதுவான பாகுபாட்டுத் தடை விதியில் சாதியும் சேர்ந்தது. உங்களில் சிலர் வரும் ஆகஸ்டில் அந்த வளாகங்களுக்கே போகிறீர்கள். மற்றவர்கள் உங்கள் கல்லூரி விதிகளில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்தான், தேடினால் இரண்டு நிமிடம் ஆகும். இல்லையென்றால் மாணவர் பேரவைக் கூட்டம் என்றைக்கு என்று அதே இணையதளத்தில் போட்டிருப்பார்கள்.