மூச்சு குன்றிய இடத்தில் புற்றணு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் மணக்கும் இம்மேடையில் புற்றுநோயைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் அந்நோய் எட்டிப்பாராத குடும்பம் அரிதாகிவரும் இந்நாளில், அதன் போக்கை நம் தாய்மொழியிலேயே அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதுகிறோம். பிராணவாயு குன்றிய இடத்தில் புற்றணு எவ்வாறு புரதம் சமைக்கிறது என்னும் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

கட்டி வளரும் வேகத்துக்கு இரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே என்னும் அறிஞர் இருவர் நுரையீரல் புற்றுக் கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். குழாய்களை ஒட்டிய அணுக்கள் செழித்திருந்தன. அங்கிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லாத தூரத்துக்கு அப்பால் எல்லாம் மாண்டு கிடந்தன. செழிப்புக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வரப்பில் அரைமூச்சோடு வாழும் அணுக்கள்தாம் மருத்துவரை வாட்டுபவை. செழித்த அணுவைக் கொல்லப் போதுமான கதிரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கொடுத்தாலன்றி அவை மடிவதில்லை.

அவை எப்படிப் பிழைக்கின்றன? பிராணவாயு இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயம் ஏறக்குறைய 30 கிட்டும். இன்றேல் இரண்டே கிட்டும். புரதச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கோக்கவோ நான்கு நாணயம் செலவு. வரவு இரண்டு, செலவு நான்கு என்றால் எக்குடும்பம் தாங்கும்? ஆகவே அணு முதலில் தெருவாசலைச் சாத்துகிறது. புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமந்து வரும் தூது ஆர்.என்.ஏ.யின் தலையில் ஒரு தொப்பி உண்டு. அத்தொப்பியைப் பற்றி, சமையலறையாகிய ரைபோசோமிடம் சேர்ப்பது இ.ஐ.எஃப்.4இ என்னும் புரதம். (பெயர் கரடுமுரடானதுதான், பொறுத்தருள்க.) பிராணவாயு குறைந்ததும் எம்டார் என்னும் மேற்பார்வைப் புரதம் ஓய்கிறது, உடனே அவ்வாயிற்காப்போன் கட்டுண்டு போகிறான். புரத உற்பத்தி பெருமளவு அடங்குகிறது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் கவலையில்லை. ஆனால் அதே வேளையில் எச்.ஐ.எஃப். என்னும் புரதம் தலைதூக்குகிறது. பிராணவாயு உள்ளபோது அதன்மேல் ஓர் அடையாளம் பொறிக்கப்பட்டு அது அழிக்கப்படும். வாயு குறைந்தால் அடையாளமின்றித் தப்பிவிடும். இந்த நுட்பத்தை விளக்கிய செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. எச்.ஐ.எஃப்., புதிய இரத்தக் குழாய் இழுக்கவும் சர்க்கரையை வாரிக்கொள்ளவும் வேண்டிய கட்டளைகளை எழுதுவிக்கிறது. ஆனால் எழுதி என்ன பயன்? தெருவாசல்தான் சாத்திக் கிடக்கிறதே!

நெடுநாள் நின்ற இப்புதிருக்கு 2012-இல் கனடா நாட்டு ஒட்டாவா ஆய்வாளர்கள் ஒரு விடை தந்தனர். எச்.ஐ.எஃப்.-2 ஆல்பா, ஆர்.பி.எம்.4 என்னும் துணையோடு குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் பற்றிக்கொண்டு, இ.ஐ.எஃப்.4இ2 என்னும் வேறொரு தொப்பிப் புரதத்திடம் ஒப்படைக்கிறது. முன்னவனுக்கு இவன் தம்பி முறை. நல்ல காற்றில் இந்தப் பணிக்கு வராதவன். வறுமை வந்தபோது கொல்லைவாசலைத் திறந்துவிடுகிறான்! எல்லாச் சரக்கும் அவ்வழியே வருவதில்லை. பிழைக்கவும் பெருகவும் உதவுபவை வருகின்றன.

இது வெறும் வேடிக்கையன்று. புற்று மருந்துகளைச் சோதிக்கும் குடுவைகள் பெரும்பாலும் திறந்த காற்றின் அளவான, நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கு பிராணவாயுவில் வைக்கப்படுகின்றன. கட்டியின் உள்ளேயோ பல இடங்களில் ஒரு பங்கும் தேறாது. குடுவையில் தெருவாசலைத் தடுத்து வெற்றி கண்ட மருந்து, கொல்லைவாசல் வழி வாழும் அணுவை எட்டாமற் போகலாம். எம்டாரைத் தடுக்கும் எவரோலிமஸ் 2009-இல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுக்கு ஏற்கப்பட்டது. நோயைச் சில மாதங்கள் தடுத்து நிறுத்துகிறதே அன்றி, அடியோடு தீர்ப்பது அரிது. அதற்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம்; இதுவும் ஒன்றாயின் வியப்பில்லை என்பது எமது எண்ணம்.

எலிகளில் வளர்த்த மனிதப் புற்றுக் கட்டிகளில் இ.ஐ.எஃப்.4இ2-ஐ அடக்கியபோது வளர்ச்சி தடைப்பட்டதாக, அதே ஆராய்ச்சி வழியில் வந்தோர் 2014-இல் கண்டனர். எச்.ஐ.எஃப்.-2 ஆல்பாவைத் தாக்கும் பெல்சுடிஃபான் என்னும் மருந்தை 2021-இல் அமெரிக்கா ஏற்றது. கொல்லைவாசல் காப்போனாகிய தம்பியையே குறிவைக்கும் மருந்து இன்னும் நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை.